உடம்புக்கு ஏற்ற சைக்கிளா, சைக்கிளுக்கு ஏற்ற உடம்பா?



நம் பள்ளியில் படித்து இப்போது இங்கிலாந்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், ரோட்டில் வேகமாக ஓட்டும் சைக்கிளுக்கு எஃகு பிரேம் ஒன்றை என் அளவுக்கே செய்து வாங்கலாம் என்று இருக்கிறேன். ரெனால்ட்ஸ் குழாயா, கொலம்பஸ் குழாயா? எல்லாரும் கார்பன் ஓட்டும் காலத்தில் இது வீண் செலவா?" என்று கேட்டிருந்தார். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. சைக்கிள் பிரேமின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பதில் தானாகவே கிடைக்கும். அதனால் எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

உங்களில் 40 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் குரங்குப் பெடல் அடித்தவர்கள்தான். அப்பாவின் சைக்கிளில் சீட் எட்டாது. பார் கம்பிக்குக் கீழே காலை விட்டு, உடம்பைக் கோணிக்கொண்டு ஓட்டினோம். நம் ஊரில் பிரேம் 22 அங்குலம், 24 அங்குலம் என்று இரண்டு அளவில்தான் வந்தது. நெட்டையோ குட்டையோ, அந்த இரண்டுக்குள் நம் உடம்பை அடக்கிக்கொள்ள வேண்டும். சைக்கிள் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் தொடக்கத்தில் அப்படி இல்லை.

1870களில் ஓடியது முன்சக்கரம் மிகப் பெரியதாகவும் பின்சக்கரம் மிகச் சிறியதாகவும் இருந்த சைக்கிள். படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சங்கிலி கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்திலேயே இருக்கும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். சக்கரம் பெரிதானால் சுற்றளவு பெரிதாகும், ஒரு மிதிக்குப் போகும் தூரமும் கூடும். ஆனால் கால் எட்ட வேண்டுமே! அதனால் ஒவ்வொருவரும் தம் காலின் நீளத்துக்கு ஏற்ற சக்கரம் வாங்கினார்கள். அந்தச் சைக்கிளுக்கு அளவு பார்ப்பது ஆடம்பரம் அல்ல, கட்டாயம்.

1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே உயரமுள்ள இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்துக்குச் சங்கிலி. கால் நீளத்துக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பை அந்தச் சங்கிலி அறுத்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இன்று நாம் பார்க்கும் வைர வடிவப் பிரேம் நிலைபெற்றது. விழுந்து மண்டை உடையும் பயம் குறைந்தது, விலையும் இறங்கியது. ஏழையும் ஏறக்கூடிய வண்டி ஆனது. ஆனால் ஒன்று போயிற்று. சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்றதும், ஆலைக்காரர்கள் சில அளவுகளை மட்டும் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். அன்று முதல் சைக்கிளுக்கு ஏற்றபடி உடம்பு வளைய ஆரம்பித்தது.

இனி எஃகுக்கு வருவோம். பர்மிங்காமில் ஆணி செய்து பிழைத்த குடும்பம் ரெனால்ட்ஸ் குடும்பம். அதில் வந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897இல் ஒரு காப்புரிமை பெற்றார். பிரேமின் குழாய்களைச் சூடாக்கி இணைக்கும்போது அந்த முனைகள் பலவீனம் அடைகின்றன. ஓட்டும்போது அதிக அழுத்தம் விழுவதும் அங்கேதான். அதற்காகக் குழாய் முழுவதையும் தடிமனாக்கினால் எடை கூடும். வெளியே ஒரே பருமனாகவும், உள்ளே முனைகளில் மட்டும் தடிப்பாகவும், நடுவில் மெல்லியதாகவும் குழாய் செய்தால் என்ன? அதுதான் அவர் கண்ட வழி. 1935இல் அந்த நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த '531' குழாயை வெளியிட்டது. பல பத்தாண்டுகள் பந்தயக்காரர்களின் கனவாக இருந்த எண் அது. இத்தாலியின் மிலான் நகரில் 1919இல் தொழில் தொடங்கிய ஏ. எல். கொலம்போவின் 'கொலம்பஸ்' குழாய்கள் அதற்குப் போட்டி. பெயர்பெற்ற கொலம்பஸ் எஸ்.எல். குழாயின் சுவர் முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் வெறும் 0.6 மில்லிமீட்டர்!

இங்கே ஒரு சிறு அறிவியல் பாடம். "உயர்ந்த எஃகு அதிக விறைப்பானது" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரண எஃகானாலும் விலை உயர்ந்த எஃகானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது வலிமை, அதாவது நிரந்தரமாக வளையாமல், முறியாமல் எவ்வளவு தாங்கும் என்பது. வலிமை கூடினால் சுவரை மெல்லியதாக்கலாம், எடை குறையும். உயர்ந்த எஃகின் பலன் அவ்வளவுதான். விறைப்பைக் கூட்ட வேண்டுமானால் குழாயின் பருமனைக் கூட்ட வேண்டும். சுவரின் தடிமன் மாறாமல் விட்டத்தை 25.4 மில்லிமீட்டரிலிருந்து 28.6 ஆக்கினால், வளைவதற்கான எதிர்ப்பு சுமார் 40 விழுக்காடு கூடிவிடும். விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி அது ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எஃகின் இன்னொரு குணம், அதைச் சிறு பட்டறையில் ஒரே ஆள் கையாளலாம் என்பது. குழாய், அரம், தீ, கொஞ்சம் பித்தளை அல்லது வெள்ளி. நகை ஆசாரி பற்றாசு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குழாய்கள் சேரும் மூலையில் 'லக்' என்ற உறையைப் பொருத்தி, சூடாக்கி, உருகிய பித்தளையை இடுக்குக்குள் ஓடவிடுவார்கள். ஆளுக்கு ஆள் குழாயை ஒரு சென்டிமீட்டர் கூட்டியோ குறைத்தோ வெட்டுவது அந்தப் பட்டறைக்காரருக்குப் பெரிய வேலை அல்ல.

அதனால்தான் மிலானின் விகோரெல்லி பந்தயத் தளத்தில் பட்டறை வைத்திருந்த ஃபாலியெரோ மாசியைத் தேடி வீரர்கள் போனார்கள். அணிக்கு விளம்பரம் தரும் நிறுவனத்தின் பெயரைப் பிரேமில் எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பது பல நேரம் மாசி போன்ற ஒருவரின் கைவேலை.

பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் கதை இதைவிட முக்கியமானது. 1969 செப்டம்பரில் பிரான்சின் புளுவா நகரப் பந்தயத் தளத்தில் பெரும் விபத்து. அவருக்கு முன்னால் மோட்டார் வண்டி ஓட்டியவர் இறந்துபோனார். மெர்க்ஸுக்கு முதுகிலும் இடுப்பிலும் அடி. அதற்குப் பிறகு வலியில்லாமல் உட்காரும் ஒரு நிலையைத் தேடிக்கொண்டே இருந்தார். பந்தயத்தின் நடுவிலேயே சீட்டின் உயரத்தை மாற்றுவார். கோணமும் நீளமும் மாற்றிப் புதிய பிரேம்கள் செய்யச் சொல்வார். 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தாரே, அந்தச் சைக்கிளை அவருக்கென்றே செய்தவர் எர்னெஸ்டோ கொல்னாகோ. மொத்த எடை 6 கிலோவுக்கும் குறைவு. பிரேம் எஃகுதான்.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் ஓர் இழை உண்டு. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1928இல் பிரிட்டனின் 'ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்' குழுமத்தில் சேர்ந்தது. அதே குழுமம்தான் 1949இல் முருகப்பா குழுமத்தோடு கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸில் நாம் எத்தனை பேர் பள்ளிக்குப் போயிருக்கிறோம்! அந்த 'டி.ஐ.' என்ற இரண்டு எழுத்துதான் ஐரோப்பாவில் 'டி.ஐ.-ராலே' பந்தய அணியின் சட்டையிலும் இருந்தது. 1980இல் அந்த அணியின் யோப் ஸூட்டமெல்க் டூர் டி பிரான்ஸ் வென்றார். அணிக்குச் சைக்கிள் செய்தது இல்கஸ்டன் என்ற சிற்றூரில் ராலே வைத்திருந்த தனிப் பட்டறை. தாய்வீடு ஒன்றே. ஒரு பிள்ளை மெல்லிய குழாயில் பந்தயம் ஓடியது, இன்னொரு பிள்ளை கேரியரில் நெல் மூட்டை சுமந்தது.

1970களில் ரெனால்ட்ஸ் '753' என்று இன்னும் மெல்லிய குழாய் ஒன்றைச் செய்தது. அதிகச் சூடு பட்டால் அதன் வலிமை போய்விடும். ஆகவே பட்டறைக்காரர் தாம் பற்றவைத்த மாதிரி ஒன்றைப் பர்மிங்காமுக்கு அனுப்ப வேண்டும். அங்கே சோதித்துத் தேறினால்தான் குழாய் விற்பார்கள். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. நல்ல பொருள் இருந்தால் போதாது, கையாளத் தெரிந்த கை வேண்டும் என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், வீரர்கள். மற்றவர்கள்? அமெரிக்காவின் ஜார்ஜினா டெர்ரி இயந்திரப் பொறியாளர். உயரம் குறைந்த பெண்கள் ஆண்களுக்கான பிரேமில் எட்டி எட்டி ஓட்டி, கழுத்தும் தோளும் வலித்து அவதிப்படுவதைப் பார்த்தார். வீட்டின் கீழ்த்தளத்திலேயே எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துப் பழகி, 1985இல் பெண்களுக்கென்று நிறுவனம் தொடங்கினார். மேல்குழாயைக் குட்டையாக்கினால் முன்சக்கரம் பெடலில் இருக்கும் காலில் இடிக்கும். அதனால் சிறிய பிரேம்களில் முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாக்கினார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதில் ஏறிய பெண்கள் வலியில்லாமல் ஓட்டினார்கள். குரங்குப் பெடலுக்கு ஒரு பொறியாளர் தந்த விடை என்று இதைச் சொல்வேன்.

ஸ்காட்லாந்தின் கிரேம் ஒப்ரீயைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கைகளை நெஞ்சுக்கு அடியில் மடக்கிக்கொண்டு ஓட்டும் தன் விசித்திரமான நிலைக்கு ஏற்றபடி அவரே ஒரு சைக்கிள் செய்தார். அதில் சலவை இயந்திரத்தின் பேரிங்கும் உண்டு. 1993 ஜூலை 16 அன்று நார்வேயில், வேறொருவர் செய்துதந்த புதிய சைக்கிளில் ஒரு மணி நேர சாதனைக்கு முயன்று தோற்றார். மறுநாள் காலை தன் பழைய சைக்கிளில் ஏறி 51.596 கிலோமீட்டர் ஓட்டி வென்றார். 6 நாளில் கிறிஸ் போர்ட்மன் 52.270 ஓட்டி அதை முறியடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃகு எப்போதும் வெல்லும் என்பது என் வாதம் அல்ல.

பிறகு அலுமினியமும் கார்பனும் வந்து பந்தயத்தை எடுத்துக்கொண்டன. கார்பன் இலேசானது, நல்லது. ஆனால் பெரும்பாலும் அச்சில் வார்ப்பது. ஒவ்வோர் அளவுக்கும் விலை உயர்ந்த அச்சு தேவை. ஆகவே மீண்டும் சில அளவுகள் மட்டுமே. ஒருவருக்காக ஒன்றைச் செய்யும் வேலை பெரிதும் எஃகுப் பட்டறைகளிடம் தங்கிவிட்டது. எஃகு இன்னும் சாகாமல் இருப்பதற்குக் காரணம் பழம்பெருமை மட்டும் அல்ல, இதுவும்தான்.

இனி, அளவு கொடுத்துப் பிரேம் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது:

1. கடையில் இருக்கும் அளவு ஒன்று உங்களுக்கு வலியில்லாமல் பொருந்தினால் அதையே வாங்குங்கள். காசு மிச்சம். கால் நீண்டு உடல் குட்டையானவர்கள், அதற்கு மாறானவர்கள், மிக உயரமானவர்கள், மிகக் குட்டையானவர்கள், பழைய காயம் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் தனி அளவு உண்மையில் தேவை.

2. சீட் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வெறுங்காலில் நின்று கவட்டிலிருந்து தரைவரை அளந்து 0.883ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.64. பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை அந்த உயரம். இது தொடக்கம் மட்டுமே. சீட்டைப் பிறகும் ஏற்றி இறக்கலாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தைப் பிறகு கொஞ்சம்தான் மாற்ற முடியும். அதைச் சரியாக அமைப்பதற்குத்தான் அளவெடுப்பவருக்குப் பணம் தருகிறீர்கள்.

3. எவ்வளவு அகலமான டயர், மட்கார்டு வேண்டுமா, கேரியர் வேண்டுமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பற்றவைத்த பிறகு இடம் கேட்டால் கிடைக்காது.

4. குழாயின் பெயரை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் எடையையும் ஓட்டும் சாலையையும் சொல்லுங்கள். பருமனையும் தடிமனையும் அவர் முடிவு செய்யட்டும். ரெனால்ட்ஸும் நல்லது, கொலம்பஸும் நல்லது. உங்களிடம் ஒன்றும் கேட்காமல் விலையை மட்டும் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். எங்கே வலிக்கிறது, எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், குனிய முடிகிறதா என்று துருவித் துருவிக் கேட்பவரிடம் கொடுங்கள்.

காலுக்குத்தான் செருப்பு, செருப்புக்காகக் காலை வெட்டுவதில்லை. வகுப்பறையில் அமர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்பது ஆசிரியர் பணியில் இருக்கும் என் மாணவர்களுக்குத் தெரியும். 50 பிள்ளைகளுக்கும் ஒரே பாடப்புத்தகம்தான். ஆனால் அளவு பார்த்துக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

நீங்கள் முதலில் ஓட்டிய சைக்கிள் என்ன, எத்தனை அங்குலம், எத்தனை வயதில் சீட் எட்டியது என்று கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.