தோட்டா எவ்வளவு தூரம் போகும்? அருவங்காடு கார்டைட் முதல் திருச்சி ரைஃபிள் வரை

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30-ம் தேதி நடந்தது நினைவிருக்கிறதா? துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் இருந்து பாய்ந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையைத் துளைத்தது. 2022 ஜனவரி 3-ம் தேதி சிறுவன் உயிரிழந்தான். தளத்துக்கும் வீட்டுக்கும் சுமார் 2 கி.மீ. தூரம் என்று அப்போது சொல்லப்பட்டது. அவ்வளவு தூரம் எப்படிங்க வரும் என்றுதான் பலரும் கேட்டார்கள்.

வரும். ரைஃபிளுக்கு 400 மீட்டர், 800 மீட்டர் என்று செய்திகளில் போடுகிறோமே, அது குறிபார்த்து அடிக்கக்கூடிய தூரம் மட்டும்தான். அந்த இடத்தில் குண்டு நின்றுவிடாது. இன்சாஸ் ரைஃபிளின் சின்ன 5.56 மி.மீ. குண்டே, கொஞ்சம் மேல்நோக்கிச் சுட்டால் 2 கி.மீ.-ஐத் தாண்டும். 7.62 மி.மீ. என்றால் 3 கி.மீ.-க்கும் மேல். ராயபுரத்தில் சுட்டால் தண்டையார்பேட்டை பக்கம் போய் விழும்!

தூரம் கூடியது எப்படி?

தோட்டாவில் நான்கு பாகங்கள். முன்னால் குண்டு, பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர். 1888-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த .303 தோட்டாவில் முதலில் இருந்தது கருமருந்து. புகை அதிகம், வேகம் குறைவு. சில ஆண்டுகளிலேயே கார்டைட் வந்தது. பார்க்க சேமியா மாதிரி நீளநீளக் குச்சிகளாக இருக்கும். அதை இங்கேயே தயாரிக்கத்தான் 1900-களின் தொடக்கத்தில் குன்னூர் பக்கத்தில் அருவங்காடு தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ஊட்டி மலை ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள்.

1910-ல் மொட்டை மூக்கு குண்டு போய் கூர்மூக்கு வந்தது. வேகம் வினாடிக்கு 600 சொச்சம் மீட்டரில் இருந்து சுமார் 740 ஆனது.

இப்போது?

ஒலியைவிட வேகமாகப் போகும் வரை குண்டு நேர்த்தியாகப் பறக்கும். வேகம் ஒலிக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். அதைத் தள்ளிப்போடத்தான் 1980-களில் .338 லபுவா மேக்னம் உருவானது. குண்டு 16 கிராம், வேகம் வினாடிக்கு சுமார் 900 மீட்டர், குறி 1,500 மீட்டர். நம் ராணுவத்தின் பழைய டிராகுனோவுக்கு 800 மீட்டர்தான். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் 'வித்வன்சக்' 12.7 மி.மீ. தோட்டாவோடு 1,800 மீட்டர். ஆனால் அது வாகனம், பதுங்குகுழியை உடைப்பதற்கு.

பயிற்சித் தளங்களுக்குப் பின்னால் மலையோ மண்மேடோ இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். மண் குண்டை விழுங்கிவிடும். பாறையில் பட்டால் தெறித்து எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறுவன் காயமடைந்ததும் நார்த்தாமலைத் தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. நிரந்தரமாகவே மூடுங்கள் என்பது அப்போது ஊர்மக்களின் கோரிக்கையாக இருந்தது.