பூனைவணங்கி என்றொரு செடி



வெளிநாட்டுப் பூனைப் பொம்மைகளுக்குள் கேட்னிப் என்ற காய்ந்த இலையை அடைத்து விற்கிறார்கள். பூனை அதை மோந்ததும் முகத்தைத் தேய்த்துப் புரளும். 'நிப்' என்றதும் பேனாதான் நமக்கு நினைவு வரும், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இந்த வகைச் செடியை ரோமானியர்கள் நெப்பெட்டா என்றார்கள். ரோமுக்கு வடக்கே உள்ள நெப்பி என்ற ஊரிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அதுவே ஆங்கிலத்தில் தேய்ந்து 'நெப்' ஆகி, 'நிப்' ஆயிற்று. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் நெப்பெட்டா கட்டாரியா. கட்டாரியா என்றால் பூனைக்குரியது. துளசி, புதினா குடும்பத்துச் செடி.

நம் ஊர் வேலியோரத்திலும் பூனையை மயக்கும் செடி ஒன்று உண்டு. எல்லாருக்கும் தெரிந்த குப்பைமேனிதான். அதன் மறுபெயர் பூனைவணங்கி. மருத்துவ நூல்களில் மார்ச்சாலமோகினி என்றும் வரும்; மார்ச்சாலம் என்றால் பூனை. வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து தலையைத் தாழ்த்தித் தேய்க்கும், கடிக்கும், உருளும். பெயர் வைத்தவர் யாரோ, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் 'வணங்கி' என்றிருக்க வேண்டும்.

குப்பைமேனி ஆமணக்குக் குடும்பம். கேட்னிப்புக்கு உறவே இல்லை. அப்புறம் எப்படி இந்த ஒற்றுமை?

1941இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மெக்கெல்வைன் என்பவர் கேட்னிப்பிலிருந்து நெப்பெட்டலாக்டோன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பூனையை மயக்குவது அதுதான். இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் காட்டுப்பூனைகளாகத் திரியும் வீட்டுப்பூனைகளைப் பொறிவைத்துப் பிடிக்க, குப்பைமேனியைப் பயன்படுத்தலாமா என்று ஆஸ்திரேலியர்கள் ஆராய்ந்தார்கள். அதன் வேரில் பூனையை ஈர்ப்பவை எவை என்று 2016இல் கண்டறிந்தார்கள். அவற்றுள் ஒன்று ஐசோடைஹைட்ரோநெப்பெட்டலாக்டோன். பெயரைப் பார்த்தாலே தெரியும், முன்னதற்குப் பங்காளி!

வேதியியல் 2016இல் கண்டதைப் பெயர் முன்பே சொல்லிவிட்டது. பழம்பெயர்களை நான் வரலாற்று ஆவணம் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் ஒன்றில் கவனம் தேவை. கேட்னிப்புக்குத் தமிழ் தேடுகிறவர்கள் பூனைவணங்கி என்று எழுதிவிட வேண்டாம். மேல்நாட்டில் கேட்னிப் இலையைத் தேநீராகக் குடிக்கிறார்கள். பெயரை நம்பி யாராவது குப்பைமேனியைக் காய்ச்சிக் குடித்தால் ஆபத்து. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேட்னிப்பைப் பூனைப்புதினா என்று சொல்லிக்கொள்ளுங்கள், பொருந்தும். பூனைவணங்கி குப்பைமேனியின் பெயராகவே இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் குப்பைமேனிக்கு வேறு என்ன பெயர் என்று கேட்டு, ஊர்ப்பெயரோடு கீழே எழுதுங்கள். குறித்து வைத்துக்கொள்கிறேன்.