பொற்பனைக்கோட்டையும் கதிரியக்கச் சிதைவும்: காலக்கணிப்பின் எல்லைகள்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டை, மண் அரணும் செங்கல் மதிலும் எஞ்சியுள்ள தொல்கோட்டையாகும். இங்கு 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023ஆம் ஆண்டில் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு மேற்கொண்டன. தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்றும் இவ்வூரில் கிடைத்துள்ளது. கல், செங்கல், கரி ஆகிய மூன்றனுள் எதன் காலத்தை எம்முறை உரைக்கும் என்பது இத்தகைய இடங்களில் முதன்மை பெறும் வினாவாகும்.

சிதைவும் கதிர்வீச்சும்

நிலைப்பற்ற அணுக்கரு, கதிர்வீச்சை வெளியிட்டு வேறொரு நிலைக்கு மாறுவதே கதிரியக்கச் சிதைவு. ஆல்பா என்பது ஹீலியம் அணுக்கரு. பீட்டா என்பது அணுக்கருவிலிருந்து விரைந்து வெளியேறும் எலக்ட்ரான். காமா என்பது மின்காந்த அலை. ஆல்பாவைத் தாளே தடுத்துவிடும். காமாவைக் குறைக்கத் தடித்த காரீயம் வேண்டும்.

கரியின் காலம்

அண்டக்கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகும் கார்பன்-14 உயிர்களின் உடலிற் சேர்கிறது. உயிர் பிரிந்தபின் புதிதாகச் சேர்வதில்லை. இருப்பது பீட்டாச் சிதைவால் நைட்ரஜனாக மாறுகிறது. இதன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். எனவே 2,000 ஆண்டுப் பழமையான கரியில் ஏறத்தாழ 78 விழுக்காடு கார்பன்-14 எஞ்சியிருக்கும். 1949இல் இம்முறையை நிறுவிய வில்லார்டு லிபி, 1960இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இம்முறை காட்டுவது மரத்திசு உயிர்ப்பை இழந்த காலத்தையே. மரம் எரிக்கப்பட்ட காலத்தை அன்று. நடுகல்லுக்கோ இம்முறை பொருந்தாது. அதன் காலத்தை எழுத்தமைதியும் மண்ணடுக்குமே உணர்த்தும். செங்கல்லுக்கு ஒளிர்வுக் காலக்கணிப்பு உதவும். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு ஆற்றலைக் குவார்ட்சு மணிகள் சேமிக்கின்றன. சூளை வெப்பம் முந்தைய சேமிப்பை அழித்துவிடுவதால், செங்கல் சுடப்பட்ட காலம் புலப்படும்.

தட்டைப் பகுதி

வளிமண்டலக் கார்பன்-14இன் அளவு என்றும் ஒரே சீராக இருந்ததில்லை. ஆகவே மர வளையங்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கு திருத்தப்படுகிறது. கி.மு. 800 முதல் 400 வரை இத்திருத்த வளைகோடு ஏறக்குறையத் தட்டையாக உள்ளது. வெவ்வேறு நூற்றாண்டுகளின் கரிகள் ஒரே அளவைக் காட்டக்கூடும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்துக் கரிக்குக் கணிக்கப்பட்ட கி.மு. 580 இப்பகுதிக்குள் அமைவது. தமிழி எழுத்தின் தொன்மை குறித்த விவாதம் இந்நூற்றாண்டுகளையே சார்ந்திருப்பதால், ஒற்றை மாதிரியின் ஆண்டை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை

ஒரே மண்ணடுக்கின் பல கரி மாதிரிகள், செங்கல்லின் ஒளிர்வு அளவீடு, எழுத்தமைதி ஆகியன ஒன்றையொன்று உறுதிசெய்யும்போதே பொற்பனைக்கோட்டையின் காலவரையறை வலுப்பெறும்.