எண்பதாம் தீர்க்கரேகையின் வானவழி

தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு சென்னை மீனம்பாக்கத்தையும், யாழ்ப்பாணத்துப் பலாலியையும், கொழும்பை அடுத்த இரத்மலானையையும் தேடிக் குறிப்பவர், அம்மூன்று விமான நிலையங்களும் எண்பதாம் தீர்க்கரேகையை ஒட்டி ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதைக் கண்டு சற்றே ஆச்சரியப்படுவார். இரத்மலானையிலிருந்து பலாலிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 355. ஆகவே இடையில் பலாலியில் இறங்கிச் செல்லும் விமானத்துக்குச் சுற்றுவழி என்று சொல்லத்தக்க நஷ்டம் எதுவுமில்லை.

1938இல் டாடாவின் தபால் விமானங்கள் சென்னையிலிருந்து திருச்சி மார்க்கமாக இரத்மலானைக்கு வரத் தொடங்கியிருந்தன. பலாலித் தளமோ இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. யுத்தம் ஓய்ந்தபின், 1947 டிசம்பர் 10ஆம் தேதி, ஏர் சிலோன் ஸ்தாபனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணத்தில் தரித்துச் சென்னையை அடைந்தது. மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் பறக்கும் டகோட்டாதான் அது. ஆயினும் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, பாக் நீரிணையைக் கடந்து தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, மதவாச்சியில் வடக்கு வண்டிக்காகக் காத்திருந்து யாழ்ப்பாணம் சேர்ந்து பழகியவர்களுக்கு, ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடக்கூடிய அந்த ஆகாய மார்க்கம் எத்தகைய விந்தையாகத் தோன்றியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கட்டணம் கொடுக்க வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே அவ்விந்தை வாய்த்தது என்பதும் உண்மைதான்.

எழுபதுகளின் இறுதியில் இச்சேவை நின்றது. பின்னர் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் பலாலி முற்றாக இராணுவத்தின் வசமாயிற்று. அதன் பயனாக, வடக்கே இருக்கும் சென்னைக்குப் பறக்க விரும்பிய யாழ்ப்பாணத்தார், தரைவழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கு நோக்கிப் பயணம் செய்து, சோதனைச் சாவடிகள் பலவற்றைத் தாண்டிக் கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா விமான நிலையம் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் வடக்கே திரும்ப வேண்டியதாயிற்று. கட்டுநாயக்காவுக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோடு ஒன்று இழுத்தால் அது யாழ்ப்பாண நகரத்தின்மீதே செல்கிறது என்பதைக் கவனிக்கும்போது, பிரயாண காலத்தை நிர்ணயிப்பது தூரமோ யந்திரத்தின் வேகமோ அன்று, எந்த ஊரில் இறங்க அனுமதி உண்டு என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்திறங்கியது. டகோட்டாவைவிட மிகுந்த வேகமுடைய ஏ.டி.ஆர். விமானம் அது; எனினும் ஏறுவதும் இறங்குவதுமாகப் பொழுதில் பெரும்பகுதி கழிந்துவிடும் இத்தனை குறுகிய தூரத்தில், அவ்வேகத்தால் மிச்சமாவது சொற்ப நிமிஷங்களே. சில மாதங்களில் கொள்ளைநோய் வந்து அச்சேவையையும் முடக்கியது; 2022 டிசம்பரில்தான் அது மறுபடி தொடங்கியது.