காட்டுப்பூனையின் குடற்புழுக்கள்: விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கரும்புத் தோட்டம், நாணல் மண்டிய ஏரிக்கரை, வாய்க்கால் ஓரப் புதர் ஆகிய இடங்களில் காட்டுப்பூனையை நீங்கள் பார்த்திருக்கலாம். வீட்டுப் பூனையைவிடக் கால்கள் உயரமாகவும் வால் குட்டையாகவும் இருக்கும். எலிதான் இதன் முக்கிய இரை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஆய்வு, ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டது.

குடற்புழுக்களும் பெரும்பாலும் அந்த எலிகள் மூலமே வருகின்றன. எலியின் கல்லீரலில் வெள்ளைக் கட்டியாக இருக்கும் நாடாப்புழுவின் இளம்பருவம், பூனையின் குடலுக்குச் சென்று முழுப் புழுவாகிறது. தவளை, பாம்பு தின்பதால் இன்னொரு வகை நாடாப்புழு தொற்றும். உருளைப்புழு எலி வழியாக மட்டுமல்லாமல் மண், தாய்ப்பால் வழியாகவும் பரவும். நல்ல இரை கிடைக்கும் வளர்ந்த பூனை இவற்றைத் தாங்கிக்கொள்ளும். குட்டிகளுக்குத்தான் வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, உடல் மெலியும். சில இறந்தும் போகும்.

வெட்டிய ஆட்டின் வயிற்றில் தொங்கும் நீர்க்கட்டிகளுக்குக் காட்டுப்பூனை காரணமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. அது நாயின் நாடாப்புழுவால் வருவது. கட்டியுள்ள கழிவுகளை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதைத்து, நாய்க்குத் தவறாமல் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். பூனையால் ஆடுகளுக்கு வரக்கூடியது டாக்சோபிளாஸ்மா. இது புழு அல்ல, ஓரணு உயிரி; சினை ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும். எந்தப் பூனையும் எச்சமிடாதபடி தீவனத்தை மூடி வையுங்கள்.

கரும்பு வெட்டும்போது கிடைக்கும் குட்டிகளை இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் எனக்குக் கவலை தருகிறது. தாய்ப்பாலிலேயே உருளைப்புழு தொற்றிய குட்டியின் எச்சத்தில் ஏராளமான முட்டைகள் இருக்கலாம். அவை மண்ணில் சில வாரங்களில் தொற்றும் தன்மை பெற்று, மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்ணில் விளையாடும் குழந்தைகளின் வாய்க்குள் போனால், புழுவின் இளம்பருவம் கல்லீரலையோ கண்ணையோ பாதிக்கக்கூடும். குட்டிகளைத் தொடாமல் அந்தப் பகுதியில் வெட்டை நிறுத்திவைத்து விலகியிருங்கள். பெரும்பாலும் தாயே இருட்டியதும் வந்து தூக்கிச் செல்லும். வராவிட்டால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

இறைச்சியில் புழு மருந்து கலந்து வயலில் வைக்கும் யோசனையும் வேண்டாம். எந்த விலங்கு, எவ்வளவு தின்னும் என்பது நம் கையில் இல்லை. மருந்து தேவைப்படுவது உங்கள் வீட்டுப் பூனைக்குத்தான். குட்டிகளுக்கு 3 வார வயதில் தொடங்கி, பால் மறக்கும் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். மாட்டுக்கு வாங்கிய மருந்தை அளவு குறைத்துக் கொடுக்கக் கூடாது. வீட்டருகே கொட்டிய மணலைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள். பூனைகள் எச்சமிட முதலில் தேடுவது அதைத்தான்.