பலிபீடம் ஏறிய பெயர்

ஜெர்மனியில் ரூர் ஆற்றங்கரையில் இருக்கிறது மெஷெடெ. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த பெண்கள் மடத்தின் தலைவி ஹிட்டா. மடத்தின் பாதுகாவலரான புனித வால்புர்காவுக்குக் காணிக்கையாக, கொலோன் நகர ஓவியர்களைக் கொண்டு ஒரு நற்செய்தி நூலைச் செய்வித்தார். வால்புர்காவும் சாதாரணப் பெண்மணி அல்லர். 8-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து ஹைடன்ஹைம் மடத்தை ஆண்டவர்.

நூலின் முன்பகுதியில் ஹிட்டாவின் உருவமே தீட்டப்பட்டிருக்கிறது. ஒளிவட்டத்தோடு நிற்கும் வால்புர்காவிடம் அவர் நூலை நீட்டுகிறார். ஒரு தலைவி இன்னொரு தலைவிக்குத் தரும் கொடை!

காணிக்கை கொடுத்தவர் படம் போட்டுக்கொள்வது அன்றைய வழக்கம்தானே என்று இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அக்காலத்து மடத்தலைவியர் பலர் உயர்குடியினர், நிலங்களை நிர்வகித்தவர்கள். ஆனால் அவர்களுடைய மடத்திலேயே திருப்பலி நிறைவேற்ற ஆண் குரு வரவேண்டும். பீடத்தருகே நற்செய்தி வாசிப்பதும் ஆண்தான். அவர் கையில் இருக்கும் நூலோ ஹிட்டா கொடுத்தது. உள்ளே ஹிட்டாவின் பெயர், ஹிட்டாவின் உருவம். தாம் ஏற முடியாத இடத்துக்குத் தம் பெயரை ஏற்றிவிட்டார் அந்த அம்மையார்.

அந்நூலில் கடற்புயல் காட்சி ஒன்று உண்டு. விலங்குத் தலை கொண்ட படகு சாய்ந்து, பக்கத்தைவிட்டே வெளியே பாய்ந்துவிடும்போல் இருக்கிறது. பாய் படபடக்கிறது. சீடர்கள் மிரண்டு விழிக்க, இயேசு உறங்குகிறார். ஒரு சீடர் அவர் தோளைத் தொட்டு எழுப்புகிறார். எதிர்ப்பக்கத்தில் ஊதா நிறத்தின்மேல் பொன்னெழுத்துகள். ஆயிரம் ஆண்டுப் பழைய ஓவியத்தில் இத்தனை வேகம் இருப்பதைப் பார்த்து வியந்துபோனேன்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1025-ஐ ஒட்டி, ரேகன்ஸ்பர்க் நகரின் நீடர்மூன்ஸ்டர் மடத்தலைவி ஊட்டாவும் இப்படியொரு நூலைச் செய்வித்தார். ஆண்டு முழுவதும் திருப்பலியில் படிக்கவேண்டிய நற்செய்திப் பகுதிகளின் தொகுப்பு அது. ஒரு பக்கத்தில் ஊட்டா அதை அன்னை மரியாவிடம் ஒப்படைக்கிறார். இன்னொரு பக்கத்தில் ஆயர் எர்ஹார்ட் பலிபீடத்தில் திருப்பலி நிறைவேற்றுகிறார். பீடத்தில் நிற்பவரும் நூலைக் கொடுத்தவரும் ஒரே நூலுக்குள் இடம்பெற்றுவிட்டார்கள்.

ஊட்டாவின் நூல் இன்று மியூனிக்கில் இருக்கிறது. ஹிட்டாவினுடையது டார்ம்ஸ்டட் நகரில். மெஷெடெ மடம் 1310-இல் ஆண் குருக்களின் இல்லமாக மாற்றப்பட்டது.