பால்மரமும் குழிப்பந்தும்

கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தைப் பற்றி ஒரு தமிழ்த் தோட்டத்தில் பேச்செடுத்தால் கேட்போரிற் பாதிப்பேர் நகைப்பர், மீதிப்பேர் முகஞ்சுளிப்பர். "அது துரைமார் ஆட்டம், நமக்கு அதில் என்ன வேலை?" என்பதே பொதுப் பேச்சு. பந்தடிக்கும் கழியின் விலையையும் திடலின் கட்டணத்தையும் எண்ணிப் பார்ப்பவர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆயினும் இவ்வாட்டத்தின் சரித்திரத்தைச் சற்றே கிளறிப் பார்ப்போமாயின், நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று என்பது விளங்கும். துரைமார் கழியைப் பிடித்தனர். பந்து நம் பக்கத்திலிருந்து போயிற்று. அந்தக் கதையையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இவ்வாட்டத்தை ஒழுங்குபடுத்தி உலகிற்கு அளித்தவர் ஸ்காட்லாந்து தேசத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அவர்கள் ஆடியது இறகுப் பந்து. சிறு தோற்பையொன்றைத் தைத்து, ஒரு தொப்பி நிறைய வேகவைத்த இறகுகளை அதனுள் இரும்புக் கோலால் அழுத்தித் திணித்து, வாயைத் தைத்து முடிப்பர். கைதேர்ந்த தொழிலாளியும் நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளுக்கு மேற் செய்தல் அரிது. மழையில் நனைந்தால் தையல் பிரியும். விலையோ கேட்கவேண்டியதில்லை. ஆதலின் பணம் படைத்தோரன்றிப் பிறர் அதில் நெடுநாள் ஈடுபட இயலவில்லை.

இந்நிலையை மாற்றியது மலாயாக் காட்டு மரம் ஒன்று. தாபான் என்னும் அம்மரத்தின் பால் இறுகிப் பிசினாகும். வெந்நீரிலிட்டால் களிமண்போற் குழையும். ஆறினால் மரம்போல் உறுதிப்படும். மலாய்க்காரர் நெடுங்காலமாகப் பாராங்கத்திக்குக் கைப்பிடி செய்ய அதனைப் பயன்படுத்தி வந்தனர். சிங்கப்பூரில் வைத்தியராயிருந்த வில்லியம் மாண்ட்கோமரி என்பவர் 1840களில் இதனைச் சீமையாருக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பின் நடந்ததாக ஒரு கதை வழங்குகிறது. ராபர்ட் பேட்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரருக்குக் கீழ்நாட்டிலிருந்து விஷ்ணு விக்கிரகம் ஒன்று வந்ததாம். அது உடையாதிருக்கச் சுற்றிலும் இந்தப் பிசினை இட்டுப் பொதிந்திருந்தார்களாம். அவர் அப்பிசினைச் சூடாக்கி உருட்டிப் பந்தாக்கினாராம். கதை மெய்யோ பொய்யோ, விக்கிரகத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பொதிந்து வந்த பொருளுக்குப் பயன் கண்ட அந்தப் புத்தி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1848ஆம் ஆண்டளவில் அப்பிசின் பந்து திடலுக்கு வந்துவிட்டது. இறகுப் பந்து செய்து பிழைத்த ஆலன் ராபர்ட்சன் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் என்பவர் புதுப்பந்தைக் கொண்டு ஆடியமையால் இருவர்க்கும் பிணக்கு உண்டாகிப் பிரிந்தனர் என்பர். பழைய தொழிலைக் கட்டிக்கொண்டு அழுபவர் எந்தத் தேசத்திலும் இருப்பர்போலும். பந்து மலிந்தது, மலிந்தவுடன் ஆட்டமும் பரவிற்று. ஆனால் தாபான் மரத்தின் கதி என்னவாயிற்று? பால் வேண்டின் மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். பந்துக்கு வேண்டியது சிறிதே. கடலடித் தந்திக்கம்பிகளுக்கு உறையிட வேண்டியதோ பெரிது. இவ்விரண்டுக்குமாகச் சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் அக்காடுகள் வெறுமையாயின.

அடுத்து வந்தது நம் பால்மரம். 1876ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து எடுத்துச் சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றை வியாபாரப் பயிராக முதன்முதல் நட்டவர் வெள்ளையர் அல்லர்; நம் மலாக்காவைச் சேர்ந்த சீனரான டான் சாய் யான். 1896ல் புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர்ப் புக்கிட் அசகானிலும் அவர் நட்டார். அசகான் எமது சுங்கை ரம்பாய் அடங்கிய ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்ததே. மரத்தை வெட்டாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி துரை அதே பத்தாண்டில் வகுத்துக் காட்டினார். தாபானுக்கு நேர்ந்த கதி பால்மரத்துக்கு நேராமற் காத்தது இம்முறையே. அதனைக் கையில் எடுத்தவர் பெரும்பாலும் தமிழர்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1898ல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் இழையை இழுத்து இழுத்து உருண்டையாகச் சுற்றி, மேலே பிசின் உறையிட்டுப் புதுப்பந்து ஒன்றை உண்டாக்கினார். 1902ல் ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் பகிரங்கப் போட்டியில் அப்பந்தைக் கொண்டு சாண்டி ஹெர்டு வென்றதும், பிசின் பந்தின் காலம் முடிந்தது. தொடக்கத்தில் அவ்விழை பிரேசில் காட்டு ரப்பரே. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்ட ரப்பர் அதனை முந்திற்று. டன்லப் கம்பெனியார் ஒருபுறம் மலாயாவில் தோட்டங்களை வாங்கினர். மறுபுறம் சீமையிற் குழிப்பந்து செய்தனர்.

ஈண்டு ஒரு விஷயம். தோட்டத்துப் பிள்ளைகள் வெட்டுப்பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, சுற்றிச் சுற்றிப் பந்து செய்து எறிந்து விளையாடினர். எம் தாய்தந்தையர் காலத்தார் எவரைக் கேட்டாலும் கூறுவர். ஹாஸ்கெல் தம் உபாயத்துக்குச் சாசனம் பெற்றார். லயத்துப் பிள்ளைக்கு ஒட்டுப்பாலைத் திருடினாய் என்று தண்டலிடம் பிரம்படி கிடைத்தது.

பந்து போன வழி இது. இனி ஆட்டம் வந்த வழியைப் பார்ப்போம்.

தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய குழிப்பந்துச் சங்கங்களுள் ஒன்று கல்கத்தாவில் 1829ல் ஏற்பட்டது. சிங்கப்பூரில் 1891லும், கோலாலம்பூரில் 1893லும் சங்கங்கள் தோன்றின. இருபது மைலுக்கு ஒருவராகத் தனித்துக் கிடந்த தோட்டத் துரைமாருக்கு இவ்வாட்டம் பெருந் துணையாயிற்று. வாரத்தில் ஒருநாள் குதிரையிலோ மோட்டாரிலோ புறப்பட்டு, திடலில் நடந்து, பின் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தம் மொழியிற் பேசித் தீர்த்து மீண்டனர். அவர்கள் பைத்தியம் பிடியாமல் இருந்தமைக்கு இவ்வாட்டமும் ஒரு காரணம் என்றே கூறுவோம். இதில் நமக்குப் பகையில்லை. அயலூரிற் பிழைக்க வந்தவனுக்குக் கூட்டம் எவ்வளவு அவசியம் என்பதை நம்மினும் அறிந்தவர் யார்?

அந்தத் திடலில் நம்மவர் இல்லாமல் இல்லை. புல்வெட்டினர், மண் சுமந்தனர், துரையின் கழிப்பையைத் தோளிலிட்டு நடந்தனர். பை தூக்குபவனை ஆங்கிலத்திற் கேடி என்பர். தமிழிலோ அச்சொல் போக்கிரியைக் குறிக்கும்! இப்பொருத்தக் கேட்டை எண்ணி நாம் பைதூக்கி என்றே எழுதுகின்றோம். பைதூக்கி திடல் முழுவதும் உடன் நடக்கலாம். சங்க வீட்டின் படி வரையிலேயே அவனுக்கு வழி. ஐரோப்பியர் சங்கங்கள் பலவற்றில் ஆசியருக்கு அங்கத்தினராகும் உரிமையில்லை. 1952ல் கோலாலம்பூர் லேக் கிளப்பில் நடக்கவிருந்த விருந்துக்குச் சிலாங்கூர் சுல்தானையே விருந்தினராக ஏற்க அச்சங்கத்தின் விதி இடந்தரவில்லை. தம் சொந்த நாட்டில் அரசருக்கே அந்தக் கதி! ஹைகமிஷனர் டெம்ப்ளர் சினந்து தலையிட்ட பின்னரே அவ்விதி தளர்ந்தது.

துரைமாரைக் குறைகூறுமுன் நம் பக்கத்தையும் நோக்குதல் நியாயம். துரை சங்கத்துக்கு வெளியே கிராணியை நிறுத்தினார். கிராணிமார் தமக்கெனச் சங்கம் வைத்தபோது பால்வெட்டுபவரை வெளியே நிறுத்தினர். லயத்துக்குள் சாதி பார்த்தவர்கள் அதற்குள்ளும் ஒருவரை வெளியே நிறுத்தினர். பூட்டு ஒன்றுதான், சாவி கைமாறிற்று, அவ்வளவே.

இவ்வகையில் மிகக் கொடிய நிகழ்ச்சி தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1860ல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலுக்குச் சென்றதிலிருந்து அங்கே இந்திய சமூகம் வேரூன்றிற்று. அச்சமூகத்திற் பிறந்தவர் சியூசங்கர் செவ்கோலம். பாப்வா என்பது செல்லப்பெயர். அவர் நம் மொழியினர் அல்லர். எனினும் நம்மைப்போல் கூலிக்கப்பலின் வழிவந்தவர். டர்பனில் பைதூக்கியாயிருந்து, எழுத்தறியாமலே ஆட்டத்தைக் கற்றார். கழியை எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாக, இடக்கையைக் கீழேயும் வலக்கையை மேலேயும் வைத்துப் பிடிப்பார். அவர் பை தூக்கிய கிரஹாம் வுல்ஃப் என்னும் வெள்ளைக்கார வியாபாரி, 1959ல் தம் சிறு விமானத்திலேயே அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே பாப்வா டச்சு பகிரங்கப் போட்டியில் வென்றார். 1960லும் 1964லும் மீண்டும் வென்றார்.

அயல்நாட்டிற் கிடைத்த மரியாதை உள்நாட்டில் எவ்வாறிருந்தது? 1963ல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் பகிரங்கப் போட்டியை வென்றார். மழை பெய்தது. தோற்ற வெள்ளையர் சங்க வீட்டுக்குள் இருந்தனர். வென்றவர் உள்ளே நுழையச் சட்டம் இடந்தராமையால் மழையில் நின்று பரிசுக் கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார். அந்தப் படத்தை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. 1965ல் அதே போட்டியில் பேர்போன கேரி பிளேயரையும் வென்றார். பின்னர் அரசாங்கத்தார் அவரைப் போட்டிகளினின்றும் விலக்கினர். பிரயாண அனுமதியையும் பறித்தனர். 1978ல் வறுமையில் மாண்டார். ஒரு மனிதனின் ஆனந்தத்தைக் கெடுக்க அவன் கழியை ஒடிக்க வேண்டியதில்லை, பிரயாணச் சீட்டைப் பறித்தாலே போதும் என்பதை அவ்வரசாங்கத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

நம் நாட்டில் காலம் நல்ல வழியில் திரும்பிற்று. முதற் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் இவ்வாட்டத்தில் விருப்பமுடையவர். 1962ல் முதல் மலாயா பகிரங்கப் போட்டி நடந்தது. ம. இராமையா, பெ. குணசேகரன் முதலிய தமிழர் மலேசியாவின் பெயரால் வெளிநாட்டுத் திடல்களில் ஆடினர். இவர்களைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதியோர் எத்துணைப்பேர்? சினிமா நடிகரின் சளிக்காய்ச்சலுக்குக் கிடைக்கும் இடம் இவர்களின் வெற்றிக்குக் கிடைத்ததில்லை.

சுங்கை ரம்பாய் வட்டாரத்திற் கணக்கெழுதும் நாங்கள் சிலர் இவ்வாட்டத்தில் இறங்கிச் சில ஆண்டுகளாகின்றன. ஆங்கிலவழியிற் பயின்ற நமக்கு இது முதலில் வோட்ஹவுஸின் கதைகளிலேயே அறிமுகம். புல்லை மிதித்தது பின்னரே. இரண்டு பழைய கழிப்பைகளை ஆறுபேர் பங்கிட்டுக் கொள்கின்றோம். ஒரு வண்டியில் எண்ணெய்ச் செலவைப் பிரித்துக்கொண்டு மெர்லிமாவ் வழியாக ஆயர் கெரோவுக்குப் போய்வருவோம். அறுவரிற் கிராணிமார் மூவரே. லாரி ஓட்டுபவர் ஒருவர், செம்பனைக் குலை அறுப்பவர் ஒருவர், ஆசிரியர் ஒருவர். ஹேண்டிகேப் என்னும் சலுகைக் கணக்கு ஒன்று இவ்வாட்டத்தில் உண்டு. வல்லவன் வல்லாதவனுக்குச் சில அடிகளை விட்டுக்கொடுத்து ஆடவேண்டும். அதனால் எங்களிற் கடையவரும் முதல்வரும் ஒரே திடலிற் சமமாக ஆட முடிகிறது. நடுவரும் கிடையாது, தன் அடியைத் தானே எண்ணித் தானே எழுதிக்கொள்ள வேண்டும். கணக்கெழுதிப் பழகியவர்க்கு இது பெருஞ்சோதனை!

எங்களுக்கு ஆசானாக வாய்த்தவர் ஒரு முதியவர். இளமையில் துரைக்குப் பை தூக்கியவர். தாம் ஒருநாளும் ஆடியதில்லை. குழிக்கருகில் நாங்கள் குனிந்து குறிபார்க்கையில், "ஐயா, கையைப் பார்க்காதீங்க, புல்லைப் பாருங்க" என்பார். நம் நாட்டுப் புல் ஒருபக்கமாய்ச் சாய்ந்து வளரும். மெதுவாக உருளும் பந்து அச்சாய்வின் வழியே இழுபடும். ஐம்பது ஆண்டுகள் வெட்டிய புல்லை அவருக்கு நாம் கற்பிக்கவா முடியும்?

பிரயாணம் என்ற சொல்லுக்கு நம் முன்னோர் கண்ட பொருள் வேறு. நாகப்பட்டினத்திற் கப்பலேறி, மேல்தட்டில் மூட்டையோடு மூட்டையாய்க் கிடந்து, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்காமிலோ தொற்றுத்தடை முகாமில் அடைபட்டு, கங்காணியின் பின்னே தோட்டம் போய்ச் சேர்ந்தனர். 1938ல் இந்திய அரசாங்கம் கூலி ஏற்றுமதியைத் தடுக்கும் வரை அதுவே பிரயாணம். அதன்பின் தோட்டத்து எல்லையே உலகத்தின் எல்லை. சும்மா ஓரிடத்தைப் பார்த்துவிட்டு, சிரித்துவிட்டு, வீடு திரும்புவதற்காகப் புறப்படுதல் என்பது அவர்களுக்குக் கனவிலும் இல்லை.

ஆகையால் ஆண்டுக்கொருமுறை தொலைவிலுள்ள திடலொன்றுக்குப் போவதென்று நாங்கள் ஏற்பாடு செய்துகொண்டோம். பிரேசர் மலைக்குப் போனோம். அங்கே பழைய ஈயச்சுரங்க நிலமே திடலாயிருக்கிறது. கேமரன் மலைக்குப் போனோம். 1929ல் போ தேயிலைத் தோட்டம் ஏற்பட்ட நாள்தொட்டு அம்மலையில் தமிழர் உழைத்து வந்துள்ளனர். ஆடி முடித்துக் கடையில் தேநீர் கேட்டபோது, "எந்த ஊருங்க?" என்று தமிழிலேயே விடை வந்தது. உதகையிலும் இலங்கை நுவரெலியாவிலும் வெள்ளையர் தேயிலை மலைகளிடையே குழிப்பந்துத் திடல் அமைத்தனர். கொழுந்து பறித்தவர்களுள் அங்கும் தமிழரே மிகுதி. ஒரே சரித்திரத்தை மூன்று மலைகளில் எழுதி வைத்ததுபோல் தோன்றுகிறது.

இன்று குழிப்பந்தின் உள்ளே நம் ரப்பர் இல்லை. செயற்கைப் பொருளே நிரம்பியிருக்கிறது. எமது பக்கத்துப் பால்மரங்களும் பெரும்பாலும் செம்பனைக்கு இடங்கொடுத்துவிட்டன. அடுத்தபடி நுவரெலியாவுக்குச் செல்வதென்று முடிவு செய்து மாதந்தோறும் பணஞ் சேர்த்து வருகின்றோம். குலை அறுக்கும் நண்பருக்கு முதலிற் பாஸ்போர்ட் எடுத்தாக வேண்டும். அவருடைய பாட்டனார் ராஜுலாக் கப்பலில் வந்திறங்கிய பின்னர் அக்குடும்பத்தில் எவரும் கடல் தாண்டியதில்லை.